எனக்கு முன்னே எத்தனை பேர்?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கைபேசியோடு காத்திருக்கும் ஒரு மாணவிக்கு நான்கு விடயங்கள் தெரியவரும்: பாடங்களின் சித்திகள், இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. கடைசி இரண்டும் அவளுடைய விடைத்தாள் எதிலும் இல்லாதவை. அவளைவிடக் கூடிய புள்ளி எடுத்தவர்கள் மாவட்டத்தில் எத்தனை பேர், நாட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, அதனோடு ஒன்றைக் கூட்டினால் அவை கிடைக்கும். செய்நிரல் எழுதுவோர் இதனை, வரிசைப்படுத்திய ஒரு தொடையில் குறித்த ஒரு பெறுமானத்துக்கு மேலே உள்ள உறுப்புகளை எண்ணுதல் என்பார்கள்.

திருநெல்வேலியில் இந்த எண்ணிக்கையின் கனம் எல்லோருக்கும் தெரியும். சேர். பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில்தான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்தது. 1979இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமானது. அதே 1974இல்தான் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகின்றன. இடங்களின் தொகை முதலிலேயே தெரியும். மேலிருந்து அத்தனை பேரை எண்ணி நிறுத்தினால், கடைசியாக நின்றவரின் புள்ளியே வெட்டுப்புள்ளி. நிலையும் வெட்டுப்புள்ளியும் ஒரே எண்ணிக்கையின் இரு திசைகள். புள்ளியைக் கொடுத்து எண்ணிக்கையைக் கேட்பது ஒன்று, எண்ணிக்கையைக் கொடுத்துப் புள்ளியைக் கேட்பது மற்றது.

இந்த எண்ணிக்கையைச் செய்நிரல்கள் எப்படிப் பெறுகின்றன, எங்கே வழுக்குகின்றன என்பதே இக்கட்டுரையின் விடயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தியாயிற்று என்பதாலேயே எண்ணிக்கை கையில் வந்துவிடாது. வரிசையைக் காக்கும் கட்டமைப்பு எண்ணிக்கையையும் கூடவே காக்க வேண்டும். அதற்கும் முன்னால், எந்தத் தொடையை எண்ணுகிறோம் என்பது தெளிவாயிருக்க வேண்டும்.

மொத்தம் எத்தனை என்பது மிக எளிய கேள்வி. ஒவ்வொரு சேர்ப்பிலும் ஒன்றைக் கூட்டி, ஒவ்வொரு நீக்கலிலும் ஒன்றைக் கழிக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் போதும். அதைக்கூட எல்லோரும் செய்யவில்லை: சி பிளஸ் பிளஸ் மொழியின் லிஸ்ட், ஜிசிசி தொகுப்பியின் நூலகத்தில் 5ஆம் பதிப்பு வரும்வரை, அளவு கேட்டபோதெல்லாம் தலையிலிருந்து வால்வரை நடந்து எண்ணிக்கொண்டிருந்தது. 2011இன் மொழித்தரம் மாறாநேரத்தில் விடை வேண்டும் என்று கட்டாயப்படுத்திய பிறகே அது திருந்தியது. வரிசைப்படுத்திய தொடைகளில் மொத்தத்தைக் கேட்பது இன்று பொதுவாகச் செலவில்லாத காரியம்.

உண்மையான கேள்வி, இதற்கு மேல் எத்தனை, இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை என்பது. சி பிளஸ் பிளஸின் செட் உள்ளே சமநிலை மரம் ஒன்றை வைத்திருப்பது வழக்கம். ஒரு புள்ளியின் இடத்தை அது நொடியில் காட்டும். அந்த இடம் எத்தனையாவது என்று கேட்டால் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நடந்துதான் சொல்லும். ஜாவாவின் ட்ரீசெட்டில் 1.5க்கும் 2.0க்கும் இடைப்பட்ட உபதொடையைக் கேட்டால் உடனே ஒரு பார்வை கிடைக்கும். அந்தப் பார்வையின் அளவைக் கேட்டதும் அது உறுப்புறுப்பாக நடக்கத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒற்றைச் சொல் அழைப்புகள்தான். பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் வேறுபாடே தெரியாது. இரண்டு இலட்சம் பேருக்கும் தனித்தனியே நிலை காணும்போது, நடைகளின் கூட்டுத்தொகை ஆயிரம் கோடிகளில் போய் நிற்கும். பல இலட்சம் பேர் நாள்தோறும் பயன்படுத்தும் நூலகங்கள் இந்த வசதியைத் தராதது ஒரு குறை என்றே கருதுகிறேன். தேவைப்படுவோர் வேறு வழி தேடிக்கொள்கிறார்கள். ஜிசிசி நூலகத்தில் ஓடர் ஒஃப் கீ என்ற செயலைத் தரும் மரம் தனியாக இருக்கிறது. பைதனுக்கு கிராண்ட் ஜெங்ஸ் எழுதிய சோர்ட்டட் கொன்டெய்னர்ஸ் இருக்கிறது. ஹஸ்கல் மொழியின் செட், மரத்தைச் சமநிலையில் வைப்பதற்கே ஒவ்வொரு கணுவிலும் அளவை எழுதிவைப்பதால், எத்தனையாவது என்ற கேள்விக்கு அங்கே மேலதிகச் செலவில்லாமல் விடை கிடைக்கிறது.

மரம் எதுவும் வேண்டாத நிலைமையும் உண்டு; பலர் நினைப்பதைவிட அதுவே கூடுதல். புள்ளிகள் ஒருமுறை வந்து உறைந்துவிட்டால், ஓர் அணியில் ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வோர் ஒப்பீட்டிலும் தேடும் பகுதியைப் பாதியாக்கும் துவிதத் தேடல் செய்தால் போதும். இரண்டரை இலட்சம் பேர் என்றாலும் 18 ஒப்பீடுகளில் இடம் தெரிந்துவிடும், ஏனெனில் 2இன் 18ஆம் வலு 2,62,144. அணியில் இடமே எண்ணிக்கை. தனியாக எதையும் எண்ண வேண்டியதில்லை. இடைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இரண்டு தேடல்களும் ஒரு கழித்தலும். பைதனின் பைசெக்ட் இதற்கென்றே இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரு வடிவங்களைத் தருகிறது. பெறுமானம் சமமாக உள்ளவர்களுக்கு முன்னால் நிற்பது ஒன்று, பின்னால் நிற்பது மற்றது. 'குறைந்தது 1.5' என்பதையும் '1.5க்கு மேல்' என்பதையும் பிரிப்பது அந்த ஓரடி வேறுபாடு. வெட்டுப்புள்ளியில் நிற்கும் பிள்ளைக்கு அந்த ஓரடிதான் பல்கலைக்கழகம்.

துவிதத் தேடலை எளிது என்று எண்ணுவோர் அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1946இல் அச்சில் வந்த இந்த முறைக்கு, எல்லா அளவு அணிகளுக்கும் பிழையில்லாமல் பொருந்தும் வடிவம் 1960களில்தான் வெளியானது என்று கணினியியலாளர் டொனால்ட் க்னூத் பதிவு செய்திருக்கிறார். 2006இல் யோசுவா புளொக், ஜாவா நூலகத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்த துவிதத் தேடலில் ஒரு பிழையை அறிவித்தார். தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் காண்பது வழக்கம். அணி மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை 32 துணுக்கில் அடங்காமல் மறையெண்ணாக மாறிவிடுகிறது. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியைத் தொடக்கத்தோடு கூட்டுவது அதற்கு மருந்து.

உறுப்புகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தால் அணி தோற்கிறது. நடுவில் ஒருவரைச் செருகப் பின்னாலுள்ள அனைவரும் நகரவேண்டும். இங்கேதான் மரங்கள் வருகின்றன. அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962இல் தந்த சமநிலை மரத்தில் ஒரு கணுவுக்கு இடப்பக்கம் சிறியவை, வலப்பக்கம் பெரியவை. ஒவ்வொரு கணுவிலும் தன் கீழ் மொத்தம் எத்தனை கணுக்கள் என்ற எண்ணையும் எழுதிவைத்தால் வேலை முடிந்தது. வேரிலிருந்து இறங்கும்போது, வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் இடக்கிளையின் அளவையும் அந்தக் கணுவுக்காக ஒன்றையும் கூட்டிக்கொண்டே போகலாம். இலையைத் தொடும்போது, தேடும் பெறுமானத்தைவிடச் சிறியவை எத்தனை என்பது கையில் இருக்கும். கோர்மன், லீசர்சன், ரிவெஸ்ட் மூவரும் 1990இல் வெளியிட்ட பாடநூலின் முதற்பதிப்பிலேயே இதற்கென ஓர் அத்தியாயம் உண்டு. மரம் சுழலும்போது இரண்டு கணுக்களின் அளவை மட்டும் திருத்தினால் போதும் என்பதே இதன் அழகு.

வில்லியம் பியூ 1990இல் வெளியிட்ட ஸ்கிப் லிஸ்ட் இதே பயனை வேறு வழியில் தருகிறது. அடியில் எல்லா உறுப்புகளும் கோத்த ஒரு சங்கிலி. அதன்மேல் சிலவற்றை மட்டும் தொடும் இன்னொன்று. அதற்கும் மேல் இன்னும் சிலவற்றை மட்டும். எந்த உறுப்பு எத்தனை அடுக்குவரை ஏறும் என்பதை எழுமாற்றாகத் தீர்மானிப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் கடுகதி பல நிலையங்களில் நிற்பதில்லை. குறித்த ஊருக்குக் கிட்டப் போனபின் எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிக்கு மாறவேண்டும். தேடலும் அப்படித்தான் மேலடுக்கில் தாவி, பின் கீழிறங்கி முடியும். எண்ணிக்கை வேண்டுமானால் ஒவ்வொரு தாவலிலும் எத்தனை நிலையங்களைக் கடந்தோம் என்பதை அந்தத் தாவலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

சல்வதோரே சன்ஃபிலிப்போ 2009இல் தொடங்கிய ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் செய்வது இதைத்தான். அதன் சோர்ட்டட் செட் வகை, தொடை சற்றுப் பெரிதானதும், ஸ்கிப் லிஸ்ட் ஒன்றையும் ஹாஷ் அட்டவணை ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பெயரைக் கொடுத்தால் புள்ளியை ஹாஷ் அட்டவணை சொல்லும். வரிசையை ஸ்கிப் லிஸ்ட் காக்கும். ஒவ்வொரு முன்னோக்குச் சுட்டியிலும், அது தாண்டும் உறுப்புகளின் தொகை ஸ்பான் என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கும். மொத்தத்தைச் சொல்லும் கட்டளை இசட்கார்ட். தொடை எவ்வளவு பெரிதானாலும் அதன் நேரம் மாறாது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்டவர்களைச் சொல்வது இசட்கவுண்ட். அது எவரையும் நடந்து எண்ணுவதில்லை. எல்லையின் முதல் உறுப்பு எத்தனையாவது, கடைசி உறுப்பு எத்தனையாவது என்று கண்டு கழிக்கிறது. ஒருவரின் இடத்தைச் சொல்வது இசட்ரேங்க், மேலிருந்து எண்ணவேண்டுமானால் இசட்ரெவ்ரேங்க். உலகெங்கும் இணைய விளையாட்டுகளின் புள்ளிப்பட்டியல்கள் இதில் ஓடுவதற்கு அந்தச் சிறிய ஸ்பான் எண்தான் காரணம்.

அப்படியானால் பெரிய தரவுத்தளங்கள் ஏன் இதைச் செய்வதில்லை? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு நிபந்தனைக்குப் பொருந்துவோரை எண்ணச் சொன்னால், வரிசைப்படுத்திய சுட்டகம் இருந்தாலும், பொருந்தும் உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கடந்தே எண்ணுகிறது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியும் அப்படியே. சோம்பல் இதற்குக் காரணமன்று. கிளையளவுகளை எழுதிவைத்தால், எங்கே ஒருவரைச் சேர்த்தாலும் இலையிலிருந்து வேர்வரை எல்லா எண்களும் மாறும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஆயிரம் பேரும் வேர்க்கணுவில் வந்து முட்டிக்கொள்வார்கள். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது: இந்தத் தரவுத்தளங்களில், முடிவுறாத ஒரு மாற்றத்தை அதைச் செய்பவர் மட்டுமே காண்பார், மற்றவர்கள் பழைய நிலையைக் காண்பார்கள். ஆகவே ஒரே கணத்தில் இருவர் கேட்டால் இருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கை சரியான விடையாக இருக்கலாம். எல்லோருக்கும் பொதுவான ஒற்றை எண் என்று ஒன்று அங்கே இல்லை. ஜாவாவில் பல இழைகள் ஒரே நேரத்தில் கையாளும் ஸ்கிப் லிஸ்ட் தொடைக்கும் இதே சங்கடம். அதன் அளவைக் கேட்பது மாறாநேரச் செயல் அல்ல என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. கவுச்டிபி என்ற தரவுத்தளம் இதிலிருந்து தப்பியது. பழைய பக்கத்தைத் திருத்தாமல், மாறிய பாதையை வேர்வரை புதிதாக எழுதுவது அதன் இயல்பு. எப்படியும் எழுதப்போகும் பக்கங்களில் எண்ணிக்கையையும் எழுதிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறொன்று. நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்துப் பீற்றர் ஃபென்விக் 1994இல் வெளியிட்டது. நம் பிள்ளைகள் சாதாரணதரக் கணிதத்திலேயே திரள் மீடிறன் அட்டவணை வரைகிறார்கள்: ஒவ்வொரு ஆயிடைக்கும் அதுவரையிலான கூட்டுத்தொகை. ஒரு மீடிறன் மாறினால் அதற்குக் கீழே உள்ள எல்லாக் கூட்டுத்தொகைகளையும் திருத்த வேண்டியிருப்பதுதான் அதன் தொல்லை. ஃபென்விக் ஒவ்வொரு இடத்திலும் முழுக் கூட்டுத்தொகையை வைக்காமல், அந்த இடத்தின் எண்ணைத் துவித வடிவில் எழுதும்போது வரும் கடைசி ஒன்று குறிக்கும் நீளத்துக்கு மட்டும் வைத்தார். 12ஆம் இடம் 9 முதல் 12 வரையான தொகையை வைத்திருக்கும். 8ஆம் இடம் 1 முதல் 8 வரை. ஆகவே 12 வரை எத்தனை என்பதற்கு இரண்டே வாசிப்புகள். மரமும் இல்லை, சுட்டியும் இல்லை, ஓர் அணியும் நான்கைந்து வரிச் செய்நிரலும்தான்.

இசட் புள்ளி நான்கு தசம தானங்களில் வெளியாவதால் இந்த முறை அதற்கு அச்சொட்டாகப் பொருந்தும். புள்ளியைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் முழுவெண். மறை 4 முதல் நேர் 4 வரை எடுத்தால் 80,001 இடங்கள். அதற்கு வெளியே எவரும் வந்தால் ஓரத்து இடத்தை விரித்துக்கொள்ளலாம். 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வோர் அணி, ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு பைட் என்றால் ஒரு பாடப்பிரிவுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் பைட். ஒரு கைபேசியில் எடுத்த இரண்டு மூன்று நிழற்படங்களின் அளவு. முல்லைத்தீவின் அணியைக் கேட்டால் முல்லைத்தீவு நிலை வரும், 25 அணிகளையும் கேட்டுக் கூட்டினால் அகில இலங்கை நிலை வரும். ஓர் அணியிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் 17 வாசிப்புகளுக்கு மேல் போகாது. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு பின்னேரத்தில் எழுதி முடிக்கக்கூடிய செய்நிரல் இது.

முழுவெண்ணாக மாற்றுவது வசதிக்காக மட்டுமல்ல. தசமங்களைக் கணினி துவிதத்தில் வைக்கும்போது 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3க்குச் சமமாக வராது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைச் சராசரியாக்கும்போது, காகிதத்தில் சமமான இரண்டு பிள்ளைகள் கணினியில் கடைசித் துணுக்கில் வேறுபட்டு, ஒருவர் மற்றவருக்கு முன்னே போய்விடலாம். நிலை என்பது எண்ணிக்கை என்பதால், கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்கு ஒரு முழு எண்ணாக வெளியே வரும்.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. தொடை என்றாலே ஒரே உறுப்பு இருமுறை இராது. புள்ளிகளை மட்டும் தொடையில் போட்டால், 1.9000 எடுத்த மூவர் ஒருவராகிவிடுவார்கள்; அவர்களுக்குக் கீழே உள்ள எல்லோருடைய நிலையும் இரண்டு படி உயர்ந்து தெரியும். பிழைச்செய்தி எதுவும் வராது, எல்லா எண்களும் நம்பத்தகுந்தவையாகவே இருக்கும். மாணவர் பதிவுகளையே தொடையில் போட்டு, ஒப்பிடும் விதியில் புள்ளியை மட்டும் எழுதினாலும் இதே கதி. வரிசைப்படுத்திய தொடைக்கு, ஒப்பீட்டில் சமம் என்றால் ஒன்றேதான். மற்ற இருவரையும் அது சத்தமின்றி விட்டுவிடும். ஜாவாவில் பிக்டெசிமல் வகையின் 4.0ஐயும் 4.00ஐயும் ஹாஷ்செட் இரண்டாக எண்ணும், ட்ரீசெட் ஒன்றாக எண்ணும். புள்ளியோடு சுட்டெண்ணையும் சேர்த்து ஒப்பிடுவதே சரியான வழி: புள்ளி சமமானால் சுட்டெண் பிரிக்கும், எவரும் காணாமற்போகமாட்டார்கள். ஆனால் நிலை சொல்லும்போது சுட்டெண்ணை மறந்துவிட வேண்டும். ரெடிஸ் சமப்புள்ளிக்காரரை அகரவரிசையில் அடுக்குகிறது. இசட்ரேங்க் தரும் எண்ணை அப்படியே அச்சிட்டால், பெயரின் முதலெழுத்துக்காக ஒரு பிள்ளை மற்றதற்குப் பின்னே நிற்கும். தன்னைவிடக் கண்டிப்பாகக் கூடிய புள்ளி பெற்றவர்களை மட்டும் இசட்கவுண்டால் எண்ணி ஒன்று கூட்டுவதே நியாயம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எண்ணிக்கை பிழைக்கலாம் என்பதை இந்த நாடு கண்டிருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த இசட் புள்ளி முறை 2001இல் அனுமதிக்கு வந்தது. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். கடினமான பாடம் எடுத்தவரையும் இலகுவான பாடம் எடுத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதே நோக்கம். 2011இன் உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் எழுதினர், வினாத்தாள்கள் வேறு. இரு குழுவினரையும் ஒன்றாகக் கலந்து புள்ளி கணிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2012இல் அந்தக் கணிப்பு செல்லாதென்று ஆகி, இரு பாடத்திட்டங்களுக்கும் தனித்தனியே கணிக்க நேர்ந்தது. வரிசைப்படுத்தும் செய்நிரல் எவ்வளவு துல்லியமாக இருந்திருந்தாலும் இதைக் காப்பாற்றியிராது. ஒரு தொடையில் சேர்க்கக்கூடாதவர்களைச் சேர்த்தபின், அதற்குள் எத்தனையாவது என்ற கேள்வியே பொருளற்றுப் போகிறது. பல்கலைக்கழக அனுமதி பிந்தியதன் வலியைச் சுமந்தவர்கள் இரு பாடத்திட்டத்துப் பிள்ளைகளும்தான்.

தோராய எண்ணிக்கைகளும் இருக்கின்றன. பிலிப் ஃபிளஜோலே குழுவினர் 2007இல் தந்த ஹைப்பர்லொக்லொக், ரெடிஸில் 12 கிலோபைட் அளவில், 0.81 சதவீத நியம வழுவோடு கோடிக்கணக்கான வேறுபட்ட உறுப்புகளை மதிப்பிடும். ஓர் இணையத்தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அது போதும். ஒருவருடைய நிலைக்கு உதவாது.

துல்லியமான எண்ணிக்கையை இதுவரை சொன்ன கட்டமைப்புகளைவிட வேகமாகப் பெற முடியுமா என்ற கேள்விக்கு ஃபிரெட்மனும் சாக்ஸும் 1989இலேயே விடை தந்துவிட்டார்கள். உறுப்புகள் மாறிக்கொண்டே இருக்கும் தொடையில் நிலையைக் காண்பதற்கு, உறுப்புத்தொகையின் மடக்கையை அந்த மடக்கையின் மடக்கையால் வகுத்த அளவுக்குக் கீழே எந்தக் கட்டமைப்பாலும் இறங்க முடியாது. மரமும் ஃபென்விக்கின் அணியும் அந்த எல்லைக்கு மிக அருகிலேயே நிற்கின்றன. வேகத்தில் இனித் தேடுவதற்கு அதிகமில்லை.

மீதியிருப்பது வடிவமைப்பில் நம் கையில் உள்ள ஒரு தெரிவு. பெறுபேறு வந்தபின் விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள். சிலருக்குப் புள்ளி கூடுகிறது. 1.7312இல் இருந்த ஒருவர் 1.8105க்கு ஏறினால், இடையில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு படி இறங்குகிறார்கள். ஒவ்வொரு மாணவரின் பதிவிலும் நிலையை எழுதிவைத்த அமைப்பு, ஒருவருக்காக அத்தனை பதிவுகளையும் திருத்தவேண்டும். ஒன்று தவறினாலும் இருவருக்கு ஒரே நிலை, அல்லது எவருக்கும் இல்லாத ஒரு நிலை. புள்ளியை மட்டும் வைத்து, கேட்கும்போது எண்ணிச் சொல்லும் அமைப்புக்கு வேலை இரண்டே: பழைய இடத்தில் ஒன்றைக் கழிப்பது, புதிய இடத்தில் ஒன்றைக் கூட்டுவது. அப்படி எண்ணிச் சொன்ன நிலையை அச்சிடும்போது, எந்தத் திகதியில், எந்தப் பாடத்திட்டத்தில், எந்தப் பாடப்பிரிவில் எண்ணியது என்பதையும் அதே வரியில் அச்சிட வேண்டும்.